ஜப்பானைப் பார்... நரிதாவையும் பார்!

எங்கேயாவது ஒரு பெரிய திட்டத்துக்கு நிலம் எடுக்கும் பேச்சு வந்தால் போதும். பட்டிமன்ற மேடை முதல் டீக்கடை பெஞ்ச் வரை ஒரே வசனம் கேட்கும். "ஜப்பான்காரனைப் பாருங்க சார்! குண்டு விழுந்து சாம்பலாப் போன நாட்டை எப்படித் தூக்கி நிறுத்திட்டான்! அங்கே எவனாவது இப்படிக் கொடி பிடிச்சுக்கிட்டு குறுக்கே நின்னானா?"

நின்றான் சார். நன்றாகவே நின்றான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐம்பது வருஷத்துக்கும் மேலாக நின்றான். அதுவும் ஒரு விமான நிலையத்துக்குக் குறுக்கே!

டோக்கியோ நகரத்துக்கு இரண்டு பெரிய விமான நிலையங்கள். ஒன்று கடலோரத்தில் இருக்கும் ஹனேடா. இன்னொன்று சிபா மாகாணத்து வயல்வெளிக்கு நடுவே இருக்கும் நரிதா. இரண்டிலும் தரை கண்ணாடி போலப் பளபளக்கும், கழிப்பறை கோயில் மாதிரி சுத்தமாக இருக்கும், பெட்டி சொன்ன நேரத்துக்கு வரும். போய் வந்தவர்கள் இதைத்தான் சொல்வார்கள், படமும் காட்டுவார்கள். அந்தப் பளபளப்புக்கு அடியில் இருக்கும் மண்ணின் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. நிலம் எடுக்கும்போது உதாரணம் காட்ட ஜப்பான் வேண்டும் என்றால், முழு ஜப்பானையும் காட்ட வேண்டாமா?

பூச்சிகள் ஏறிய முதல் விமானம்

ஹனேடா திறக்கப்பட்டது 1931 ஆகஸ்ட் 25 அன்று. டோக்கியோ வளைகுடாவின் ஓரத்தில், கடலை மேடாக்கிய நிலத்தில், வெறும் 300 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை. அதற்கு முன் டோக்கியோவுக்கான விமானங்கள் டாச்சிகாவா என்ற ராணுவ விமானதளத்தில்தான் இறங்கின. புது நிலையத்திலிருந்து முதல் விமானம் சீனக் கரையிலுள்ள டாலியன் நகருக்குக் கிளம்பியபோது, அதில் பயணி ஒருவர்கூடக் கிடையாது. ஏற்றி அனுப்பப்பட்டவை ராத்திரியில் பாடும் பூச்சிகள்! வெளியூரில் வாழும் ஜப்பானியர்கள் ஊர் ஞாபகத்தோடு கேட்டு ரசிப்பதற்காக. இன்று உலகிலேயே மிகவும் நெரிசலான விமான நிலையங்களில் ஒன்றின் ஆரம்பம் இப்படி.

ஆனால் ஹனேடாவும் கறை படியாத நிலம் இல்லை. 1945-ல் ஜப்பான் போரில் தோற்றதும் அமெரிக்கப் படை உள்ளே வந்தது. விமானதளத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று முடிவு செய்தது. பக்கத்திலிருந்த மூன்று குடியிருப்புகளுக்கு உத்தரவு போனது: வீட்டைக் காலி செய்யுங்கள். முதலில் கொடுத்த கெடு 12 மணி நேரம். கெஞ்சிக் கேட்ட பிறகு 48 மணி நேரம். சுமார் 3,000 பேர் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள்.

அங்கே அனமோரி இனாரி என்றொரு கோயில் இருந்தது. கோயில் இடிக்கப்பட்டது, அதன் சிவப்பு வாசல் தோரணம் மட்டும் நின்றுவிட்டது. அதை அகற்றப் போனவர்களுக்கு அடுத்தடுத்து விபத்து என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையோ பொய்யோ, அந்தத் தோரணம் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு நடுவிலேயே பல வருஷம் நின்றது. 1999-ல்தான் மரியாதையோடு ஓரமாக இடம் மாற்றி வைத்தார்கள். ஊர் போனாலும் ஊரின் வாசல் போக மறுத்த கதை இது. மண்ணை விட்டு மனிதனைப் பிடுங்கினால் ஏதோ ஒன்று அங்கேயே தங்கிவிடும் என்பதை ஜப்பான் அரசு அப்போதே புரிந்துகொண்டிருக்கலாம்.

1952-ல் ஹனேடாவின் ஒரு பகுதி ஜப்பானிடம் திரும்பி வந்தது, 1958-ல் முழுவதும் வந்தது. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். போட்டி தொடங்க ஒரு மாதம்கூட இல்லாதபோது, செப்டம்பர் 17 அன்று, ஹனேடாவிலிருந்து நகருக்குள் ஹமாமட்சுச்சோ வரை மோனோரயில் ஓடத் தொடங்கியது. அதே வருஷம் ஏப்ரலில்தான் ஜப்பானியர்கள் சுற்றுலாவாக வெளிநாடு போகும் தடையும் நீங்கியிருந்தது. கூட்டம் பெருகியது. ஜெட் விமானங்கள் வந்தன. ஹனேடா போதவில்லை.

இதுவரை அரசின் பக்கம் நியாயம் இருந்தது. இன்னொரு விமான நிலையம் தேவைதான். தேவையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. அதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

பன்னிரண்டு நாள்

முதலில் 1965 நவம்பரில் சிபா மாகாணத்தின் டொமிசாட்டோ என்ற ஊரை அறிவித்தார்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பு தீயாகப் பரவியது. சரி, வேறு இடம் பார்க்கலாம் என்று பக்கத்திலேயே நரிதா நகரை ஒட்டிய சான்ரிசுகா பக்கம் விரலை நகர்த்தினார்கள். அங்கே அரச குடும்பத்தின் பெரிய கால்நடைப் பண்ணை ஒன்று இருந்தது. அதோடு அரசு நிலமும் சேர்ந்தால் கணிசமான பங்கு கையில் வந்துவிடும், மீதியை விவசாயிகளிடம் வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு.

1966 ஜூன் 22 அன்று பிரதமர் எய்சாக்கு சாட்டோ சிபா ஆளுநரைச் சந்தித்துச் சான்ரிசுகா யோசனையை முன்வைத்தார். ஜூலை 4 அன்று மந்திரிசபை முடிவெடுத்துவிட்டது. நடுவில் பன்னிரண்டே நாள்! தங்கள் வயலில் விமானம் இறங்கப்போகிறது என்பதை அந்த விவசாயிகள் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

யார் அந்த விவசாயிகள்? பரம்பரையாக உழுதவர்களும் இருந்தார்கள். போருக்குப் பிறகு மஞ்சூரியாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும், ஒகினாவாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். "காட்டைத் திருத்திப் பயிர் செய்யுங்கள்" என்று அரசே அனுப்பி வைத்தவர்கள் இவர்கள். மூங்கில் புதரையும் மரவேரையும் தோண்டியெடுத்து, இருபது வருஷம் பாடுபட்டு, அப்போதுதான் அந்த மண்ணில் நிலக்கடலையும் காய்கறியும் ஒழுங்காக விளைய ஆரம்பித்திருந்தது. சில வருஷங்களுக்கு முன்புதான் அதிகாரிகள் வந்து பட்டு வளர்ப்புக்கு மல்பெரி நடச் சொல்லி ஊக்கம் கொடுத்திருந்தார்கள். நட்ட செடி வளர்வதற்குள் அதே அரசு வந்து நிலத்தைக் கேட்டது.

அந்நியப் படை ஹனேடாவில் கொடுத்த கெடு 48 மணி நேரம். அதைச் சொல்லித் திட்டாத ஜப்பானியர் கிடையாது. சொந்த மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசு ஆலோசனை என்ற பேரில் எடுத்துக்கொண்ட நேரம் பன்னிரண்டு நாள். அது காலி செய்யும் கெடு, இது முடிவெடுக்கும் கெடு, வித்தியாசம் உண்டுதான். ஆனால் இரண்டிலும் மண்ணுக்குச் சொந்தக்காரனைக் கேட்கவில்லை என்பது ஒன்றுதானே?

விலை கொடுத்தது யார்?

எதிர்ப்புச் சங்கம் உருவானது. அதன் தலைவர் இஸ்ஸாக்கு டொமுரா, விவசாயக் கருவிகள் விற்ற ஒரு கிறிஸ்தவர். புரட்சிக்காரர் இல்லை. 1967-லிருந்து இடதுசாரி மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அளக்க வந்த அதிகாரிகள் முன்னால் கிழவிகள் படுத்துக்கொண்டார்கள், மரத்தில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள், பூமிக்கடியில் பள்ளம் தோண்டி அதற்குள் உட்கார்ந்தார்கள்.

1971-ல் அரசு கட்டாயமாக நிலத்தைக் கைப்பற்ற இறங்கியது. அந்த வருஷம் செப்டம்பர் 16 அன்று நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து ஒரு மூதாட்டியின் வீட்டைப் போலீஸ் பாதுகாப்போடு இடித்தார்கள். 1977-ல் ஓடுபாதையின் முனையில் விமானம் பறக்காதபடி எதிர்ப்பாளர்கள் எழுப்பியிருந்த 60 மீட்டருக்கும் உயரமான இரும்புக் கோபுரத்தை அரசு சாய்த்தது. அதையொட்டிய மோதலில் ஓர் எதிர்ப்பாளர் உயிர் போனது, இன்னொரு தாக்குதலில் ஒரு போலீஸ்காரர் உயிரும் போனது.

1971-ல் திறக்க நினைத்த நிலையம் ஏழு வருஷம் தள்ளிப்போனது. கடைசியில் 1978 மார்ச் 30 என்று நாள் குறித்தார்கள். நான்கே நாள் முன்பு, மார்ச் 26 அன்று, ஒரு குழு வடிகால் வழியாக உள்ளே புகுந்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறி, அங்கிருந்த கருவிகளை எல்லாம் அடித்து நொறுக்கியது. திறப்பு விழா மறுபடி தள்ளிப்போனது. நகரிலிருந்து பயணிகளை ஏற்றிவர வைத்திருந்த ரயில் ஒன்றை மே மாதத் தொடக்கத்தில் தீ வைத்து எரித்தார்கள். பாராளுமன்றம் அவசர அவசரமாக ஒரு தனிச் சட்டம் போட்டது. மே 20 அன்று, ஆயிரக்கணக்கான போலீஸ் காவலுக்கு நடுவே, நரிதா திறந்தது. திட்டத்தில் இருந்தவை மூன்று ஓடுபாதைகள். திறந்தபோது இருந்தது ஒன்று!

கொலைக்கும் தீ வைப்புக்கும் நியாயம் கற்பிக்க முடியாது. செத்த போலீஸ்காரர்களும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 1966-ல் ஊர்க்கூட்டம் போட்டு, ஒரு வருஷம் உட்கார்ந்து பேசியிருந்தால், மூங்கில் கம்பும் கேடயமும் அங்கே வந்திருக்குமா? கம்பைத் தூக்கியவன் குற்றவாளி என்றால், பேச்சுக்கான கதவைச் சாத்தியவன் யார்?

பயணிக்கு என்ன கிடைத்தது?

"சரி, விவசாயிக்குக் கஷ்டம். நாட்டுக்கும் பயணிக்கும் லாபம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் பார்த்துவிடலாம்.

நரிதா டோக்கியோ நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தை ஈடுகட்டப் புல்லட் ரயில் விடுவதாகச் சொன்னார்கள். 1974-ல் வேலையும் தொடங்கியது. அந்தப் பாதைக்கும் நிலம் வேண்டும், அங்கேயும் மக்கள் எதிர்த்தார்கள். 1983-ல் வேலை நின்றது, 1987-ல் திட்டமே ரத்தானது. விமான நிலையத்துக்கு அடியில் கட்டி முடித்த புல்லட் ரயில் நிலையம் ரயிலைக் காணாமல் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது.

கெய்சே என்ற தனியார் ரயில் மட்டும் வந்தது. அதுவும் டெர்மினல் வாசலுக்கு வரவில்லை, தள்ளி நின்றது. நீண்ட தூரம் பறந்து அலுத்து வந்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஒரு பஸ் ஏற வேண்டும், பிறகு ரயில் ஏற வேண்டும். போக்குவரத்து மந்திரியாக இருந்த ஷின்டாரோ இஷிஹாரா அந்தக் காலி நிலையத்தைப் பயன்படுத்தச் சொன்ன பிறகு, 1991 மார்ச் 19 அன்றுதான் ரயில் டெர்மினலுக்கு அடியில் வந்து நின்றது. திறந்து 13 வருஷம் கழித்து! 36 நிமிஷத்தில் நிப்போரியிலிருந்து வந்து சேரும் வேக ரயில் ஓட 2010 ஜூலை ஆனது. அதாவது 32 வருஷம்.

விமானத்துக்கான எரிபொருளும் அப்படித்தான். துறைமுகத்திலிருந்து குழாய் போட முடியாமல், 1983 வரை சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே நுழைவது இன்னொரு கதை. பறப்பவர் மட்டுமில்லை, வழியனுப்ப வரும் அம்மா அப்பாவும், வாசலில் இறக்கிவிட வரும் டாக்சி டிரைவரும் அடையாள அட்டை காட்ட வேண்டும். பஸ்ஸை நிறுத்தி, போலீஸ் ஏறி, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். இந்தச் சோதனை 2015 மார்ச்சில்தான் முடிவுக்கு வந்தது. 37 வருஷம் ஒரு நாட்டின் தலைவாசல், கோட்டை மாதிரி கம்பிவேலிக்கும் காவல் கோபுரத்துக்கும் பின்னால் இருந்தது. ஜப்பானுக்கு வந்த விருந்தாளி முதலில் பார்த்தது இதைத்தான்.

சுற்றிலும் மக்கள் குடியிருப்பதால் இரவு 11 மணிக்கு மேல் காலை 6 மணி வரை விமானம் கூடாது. 2019 அக்டோபரில் ஒரு ஓடுபாதைக்கு மட்டும் நள்ளிரவு 12 வரை நீட்டினார்கள். கிராமத்தான் தூங்க வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் ராத்திரி தாமதமாக வந்திறங்கும் பயணிக்குக் கடைசி ரயிலும் போயிருக்கும். டாக்சி பிடித்தால் விமான டிக்கெட்டில் பாதி போய்விடும்! நரிதாவில் குளியலறையும் தூங்கும் அறையும் உண்டு, 2014-லிருந்து ஒரு கேப்சூல் ஹோட்டலும் உண்டு. பிரமாதமான வசதிகள்தான், மறுக்க முடியாது. ஆனால் பயணி வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாத இடத்தில்தான் படுக்கை ஒரு வசதியாகிறது.

வெளியூர்ப் பயணி பாடு இன்னும் மோசம். அப்போது சர்வதேச விமானம் நரிதாவில், உள்நாட்டு விமானம் பெரும்பாலும் ஹனேடாவில் என்று இருந்தது. வட ஜப்பானின் சப்போரோவிலிருந்து ஐரோப்பா போகிறவர் ஹனேடாவில் இறங்கி, பெட்டியோடு நகரைக் கடந்து, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்து, நரிதாவில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2001-ல் தென்கொரியாவில் இஞ்சியோன் நிலையம் திறந்ததும், ஜப்பானின் சிற்றூர்ப் பயணிகள் பலர் சொந்தத் தலைநகரை விட்டுவிட்டு சியோல் வழியாகப் பறக்க ஆரம்பித்தார்கள். எந்த நாட்டுப் பெருமைக்காக இவ்வளவு ரத்தம் சிந்தப்பட்டதோ, அந்தப் பெருமை கடல் தாண்டிப் போய் உட்கார்ந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சீனாவோடு உறவு வைத்துக்கொண்ட ஜப்பான், சீன விமானமும் தைவான் விமானமும் ஒரே இடத்தில் முகத்தோடு முகம் பார்க்கக் கூடாது என்று தைவானின் சைனா ஏர்லைன்ஸை மட்டும் ஹனேடாவிலேயே விட்டுவைத்தது. 1978-லிருந்து 2002 வரை, தண்டனை போல ஒதுக்கி வைக்கப்பட்ட அந்தக் கம்பெனியின் பயணிகள் நகரத்துக்குப் பக்கத்தில் சுகமாக இறங்கினார்கள்!

முடியாது என்றது முடிந்தது

இப்போது கதையின் முக்கியமான இடம். அறுபதுகளில் கேள்வி கேட்டவர்களுக்கு அரசு சொன்ன பதில்: ஹனேடாவைக் கடலுக்குள் நீட்ட முடியாது. கப்பல் போக்குவரத்து இருக்கிறது, வான்வெளி நெரிசல் இருக்கிறது, செலவு தாங்காது. அன்றைய தொழில்நுட்பத்துக்கு அந்தத் தடைகள் பொய்யில்லை.

ஆனால் நரிதா திறந்து ஆறே வருஷத்தில், 1984-ல், அதே ஹனேடாவைக் கடல் பக்கமாக விரிவாக்கும் வேலை தொடங்கியது. டோக்கியோவின் கழிவு மண்ணைக் கொட்டிய இடம் அது. மயோனைஸ் என்று எஞ்சினியர்களே பேர் வைக்கும் அளவுக்குக் கொழகொழ மண். அதில் நீரை வடித்து, இறுக்கி, ஓடுபாதை போட்டார்கள். 1993-ல் புது முனையம், 2004-ல் இரண்டாவது முனையம். ரயிலும் டெர்மினலுக்கு அடியிலேயே வந்தது.

2010 அக்டோபர் 21 அன்று நான்காவது ஓடுபாதையும் சர்வதேச முனையமும் திறந்தன. அந்த ஓடுபாதையின் ஒரு பகுதி மேடாக்கிய நிலம், இன்னொரு பகுதி கடலுக்குள் தூண் ஊன்றிக் கட்டிய மேடை. ஏன்? அங்கே தாமா நதி கடலில் கலக்கிறது. ஆற்றோட்டம் தடைபடக் கூடாது என்று அதன் வழியை மறிக்காமல் தூண் மேல் நிறுத்தினார்கள். ஆற்றுக்குக் கொடுத்த மரியாதையை 1966-ல் மனிதனுக்குக் கொடுத்திருக்கலாம்!

இன்று ஹனேடாவில் இறங்கினால் மோனோரயிலில் ஐநூற்றுச் சொச்சம் யென், இருபது நிமிஷத்துக்குள் நகரம். நரிதாவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் டோக்கியோ ஸ்டேஷனுக்குச் சுமார் 3,000 யென், ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஹனேடாவின் சர்வதேச முனையத்துக்குள் பழைய எடோ காலத்துத் தெரு போலக் கடைவீதி, அதை ஒட்டிய கட்டடத்தில் 2023-லிருந்து வெந்நீர் ஊற்றுக் குளியல். பெரிய விமானக் கம்பெனிகள் வாய்ப்புக் கிடைத்ததும் ஹனேடா பக்கம் ஓடியதில் என்ன ஆச்சரியம்? நரிதாவோ 2015-ல் மலிவுக் கட்டண விமானங்களுக்காக மூன்றாவது முனையம் கட்டியது. நகரும் படிக்கட்டுப் பாதைக்குப் பதில் தரையில் ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி நீலமும் சிவப்பும் பூசினார்கள். அழகான யோசனைதான். ஆனால் உலகத்தின் வாசல் என்று கட்டியது கடைசியில் மலிவு விமானத்தைத் தேடிப் பிடிக்கும் நிலைக்கு வந்தது.

ஹனேடாவிலும் எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. மீனவர்கள் கடலை இழந்தார்கள், இழப்பீடு பேசி வாங்கினார்கள். 2020 மார்ச் முதல் விமானங்கள் டோக்கியோ நகரின் தலைக்கு மேலேயே தாழப் பறப்பதால் அங்கிருப்பவர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். விமான நிலையம் என்றால் யாருக்காவது வலிக்கத்தான் செய்யும். வலிக்கும் ஆளிடம் முன்கூட்டியே பேசினார்களா என்பதுதான் கேள்வி.

அரசு கேட்ட மன்னிப்பு

பட்டிமன்றப் பேச்சாளர்கள் வசதியாக மறந்துவிடும் பகுதி இனிமேல்தான். 1991 நவம்பரில் அரசும் விவசாயிகளில் ஒரு பிரிவினரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பொருளாதார அறிஞர் ஹிரோஃபூமி உசாவா போன்றவர்கள் நடுவில் இருந்தார்கள். பதினைந்து கூட்டம். அதன் பிறகு 1993-லிருந்து 1994 வரை வட்டமேஜைப் பேச்சு, பன்னிரண்டு சுற்று. 1966-ல் பன்னிரண்டு நாளில் முடித்ததைப் பேசித் தீர்க்க மூன்று வருஷம் ஆனது.

முடிவு என்ன? தான் நடந்துகொண்ட விதம் தவறு என்று அரசு ஒப்புக்கொண்டது. கட்டாய நிலமெடுப்பு மனுவைத் திரும்பப் பெற்றது. இனி பலாத்காரம் இல்லை என்று வாக்குக் கொடுத்தது. 1995-ல் பிரதமர் டொமிச்சி முராயாமா மன்னிப்புக் கேட்டார். ஒரு விமான நிலையத்துக்காக ஒரு நாட்டின் பிரதமர் விவசாயிகளிடம் மன்னிப்பு! "ஜப்பானைப் பார்" என்பவர்கள் இதைப் பார்த்திருக்கிறார்களா?

அதன் பிறகும் காயம் முழுதாக ஆறவில்லை. நிலம் தர மறுத்தவர்களின் வயல் நடுவில் நின்றதால், இரண்டாவது ஓடுபாதை 2002-ல் 2,180 மீட்டரோடு குட்டையாகத்தான் திறந்தது. பெரிய ஜம்போ விமானங்களுக்கு அது போதாது. 2009-ல்தான் 2,500 மீட்டர் ஆனது. விமானம் ஊர்ந்து போகும் பாதை ஒன்று நேராகப் போக முடியாமல் வளைந்து போனது. கன்னத்தை உரசுவது போல விமானம் போகும் சத்தத்துக்கு நடுவில் முள்ளங்கி பயிரிட்டார்கள் மனிதர்கள். 2023 பிப்ரவரியில்கூட, நீதிமன்ற உத்தரவோடு அப்படி ஒரு வயலை அகற்ற அதிகாரிகள் போனபோது, ராத்திரியில் போலீஸும் எதிர்ப்பாளர்களும் நேருக்கு நேர் நின்றார்கள். 1966-ன் பன்னிரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

சில சமாதானங்கள்

"நஷ்டஈடு கொடுத்தார்களே?" கொடுத்தார்கள். பெரும்பாலானோர் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதும் உண்மை. கடைசி வரை நின்றவர்கள் தொகைக்காக நிற்கவில்லை. கேட்காமல் எடுத்ததற்காக நின்றார்கள். பணத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் புரிவதில்லை.

"கேட்டுக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது, வேகம் முக்கியம்." வேகமாக முடிவெடுத்த நரிதா ஏழு வருஷம் தாமதமாக, மூன்றில் ஒரு ஓடுபாதையோடு, ரயிலும் குழாயும் இல்லாமல் திறந்தது. இதற்குப் பேர் வேகமா?

"சில பேர் தியாகம் செய்தால்தான் நாடு முன்னேறும்." தியாகம் என்பது தானாகக் கொடுப்பது. அடுத்தவன் எடுத்துக்கொண்டால் அதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது.

கடைசியாக ஒரு பக்கத்து ஊர்

இதையெல்லாம் ஏன் தமிழில் படிக்க வேண்டும்? சென்னைக்கும் இரண்டாவது விமான நிலையம் பேசப்பட்டது. 2022 ஆகஸ்ட்டில் பரந்தூர் அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், நரிதாவை விடவும் தூரம். அந்த மாதமே ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கிராமசபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். வயல் மட்டுமில்லை, ஏரியும் வாய்க்காலும் போகும் என்றார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது.

மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது என்பது உண்மை. அறுபதுகளில் ஹனேடா நிரம்பி வழிந்ததும் உண்மைதான். தேவை இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், சாட்டோவின் மந்திரிசபை நிறுத்திக்கொண்ட இடத்திலேயே நிறுத்துகிறார்கள். அடுத்த கேள்விகள் எங்கே? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் பயணியை அவ்வளவு தூரம் ஏற்றி வர ரயில் முதல் நாளே ஓடுமா, பதிமூன்று வருஷம் கழித்தா? உள்நாட்டு விமானம் ஒரு இடம், வெளிநாட்டு விமானம் ஒரு இடம் என்று பிரித்தால் மதுரையிலிருந்து வருபவர் என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்க்காரனோடு பேச்சு முடிவுக்கு முன்பா, பின்பா?

நாற்காலியும் குளிர்சாதனமும் கழிப்பறையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நம்பிக்கையை அப்படி மாற்றி வைக்க முடியாது. அது அஸ்திவாரத்திலேயே போட வேண்டியது. அதைப் போடாமல் கட்டிய நரிதா, உலகத்திலேயே சிறந்த எஞ்சினியர்களையும் நேரம் தவறாத ஊழியர்களையும் வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் தள்ளாடியது.

அடுத்த முறை யாராவது மேடையில் "ஜப்பானைப் பாருங்கள்" என்று முழங்கினால், கைதட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

எந்த ஜப்பானை ஐயா? 1966-ல் பன்னிரண்டு நாளில் முடிவெடுத்த ஜப்பானையா, 1995-ல் தலை குனிந்த ஜப்பானையா?